பூட்டன் எந்த ஊர்? பதினான்கு மாதத் தேடலின் குறிப்புகள்

அம்மாவின் அம்மாவைப் பெற்றவர் கதிர்காமத்தம்பி. எனக்குப் பூட்டன். இலங்கையின் கிழக்குக் கரையில், தம்பிலுவிலில் எங்கள் வளவில் (வீடும் அதைச் சுற்றிய காணியும்) அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்களை நான் கண்டதில்லை. "வட்டவிதானையார்" என்றுதான் சொல்வார்கள். வயல்காரருக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பு அவரிடம் இருந்ததால் வந்த பெயர். அவர் எங்கே பிறந்தார், தாய் யார், கூடப் பிறந்தவர்கள் இருந்தார்களா என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. படம் ஒன்றும் இல்லை.

இதை மறதி என்று மட்டும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணுக்கு. பிள்ளைகளின் குடி, அதாவது குலக் கிளை, தாயின் குடி. கோயிலில் நிற்கும் இடமும் தாய் வழியில்தான். ஆக, வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் ஊர் அவர் இருக்கும் வரைக்கும் பேச்சில் இருக்கும். அடுத்த தலைமுறையில் மங்கும். அதற்கடுத்த தலைமுறையில் அவர் ஏதோ அந்த வளவிலேயே முளைத்தவர் போல ஆகிவிடுவார். பெண்களின் வரிசையை எங்கள் பெரியம்மா ஆறு தலைமுறைக்குத் தடங்கலில்லாமல் சொல்லுவார். அந்தப் பெண்களைக் கட்டியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்றால் இரண்டு தலைமுறையோடு நின்றுவிடும்.

எனக்கு அவர்களையும் தெரிய வேண்டியிருந்தது. போன வருடம் சித்திரைக்குப் பிறகு தொடங்கினேன். என்ன செய்தேன், எங்கே பிழை விட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும். குடும்பத்தவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். குடிகளின் பெயர்களையும் சொல்லப் போவதில்லை. அவை கோயில் முறையோடு சேர்ந்தவை, என் ஒருத்தியின் விருப்பத்துக்கு வெளியே போடக் கூடியவை அல்ல.

முதலில் பெரியம்மாவிடம் போனேன். அவருக்கு எண்பத்தைந்து வயது. பக்கத்தில் கைபேசியைப் பதிவில் போட்டுவிட்டு, கேள்விகளைக் குறைத்து, அவர் போக்கில் பேச விட்டேன். "பூட்டன் எந்த ஆண்டு இறந்தார்?" என்று நேராகக் கேட்டபோது, "அது ஆருக்கு மகள் தெரியும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "அம்மா பெரிய பிள்ளையான வருசம்தான் அவட அப்பா போனவராம். சடங்கு வைக்கயில்ல எண்டு அம்மா சொல்லிச் சொல்லி அழுவா. மறுகா எங்க சடங்கு?" என்றார். நான் தேடிப்போன ஆண்டு அந்தப் பேச்சுக்குள் இருந்தது. வயதானவர்களிடம் ஆண்டு கேட்காதீர்கள். எந்தச் சம்பவத்துக்கு முன், எதற்குப் பின் என்று கேளுங்கள். 1978 சூறாவளிக்கு முன்னா பின்னா என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் தடுமாற மாட்டார்கள்.

அம்மம்மா பெரிய பிள்ளையான ஆண்டைக் கணக்கிட, அவர் பிறந்த ஆண்டு வேண்டும். அதற்குச் சாதக ஓலை இருந்தது.

பெரியம்மா வீட்டு மரப்பெட்டி இரண்டு அழிவுகளைத் தாண்டி வந்தது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் கூரை போய், பெட்டி இரவு முழுக்க நனைந்தது. 2004 சுனாமியில் வீடு கடலுக்குத் தள்ளி இருந்ததால் தண்ணீர் வாசலோடு நின்றது. பெட்டிக்குள் உறுதிகள் (காணிப் பத்திரங்கள்), ரசீதுகள், ஒரு சின்ன ஓலைக் கட்டு, ஒரு பழைய கொப்பி. சூறாவளி நனைத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து அட்டை போலக் கிடந்தன.

இந்த இடத்தில் ஒரு நோவு சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு, நல்லது செய்வதாக நினைத்து, அம்மம்மாவின் பழைய பத்திரம் ஒன்றை ஒரு கடையில் கொடுத்து லாமினேட் செய்தேன். சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு உருகி ஒட்டிவிட்டது. உள்ளே சிக்கிய ஈரம் பூத்து, மை மங்கிக்கொண்டே போகிறது. இனிப் பிரிக்க முடியாது. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும். பழைய தாளை எக்காரணம் கொண்டும் லாமினேட் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். பேனாவால் குறிப்பு எழுதாதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள்.

இந்தத் தடவை பொறுமையாகச் செய்தேன். மின்விசிறியை நிறுத்தி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒட்டியிருந்த தாள்களில் தானாக விட்டுக் கொடுத்தவற்றை மட்டும் பிரித்தேன். பிடித்து இழுக்க வேண்டி வந்தவற்றை அப்படியே விட்டேன். மடிப்புகளை ஒரு நாள் முழுக்கப் பாரம் வைத்துத் தட்டையாக்கினேன். படம் எடுப்பதற்குக் காலை ஏழு மணி ஜன்னல் வெளிச்சம்தான் சரியாக வந்தது. தாளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் சாய்ந்து விழும்படி எடுத்தால், மை போன இடத்திலும் பேனா அழுத்திய தடம் நிழலாகத் தெரிகிறது. ஒவ்வொரு தாளையும் முன், பின் இரண்டு பக்கமும் எடுத்தேன். பின்பக்கத்தை விட்டுவிடக் கூடாது. பதிவிலக்கம், கைமாறிய குறிப்பு எல்லாம் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும்.

ஓலை வேறு வேலை. தூசியை மெல்லிய தூரிகையால் தட்டி, பிறகு புல்லெண்ணெயைப் பஞ்சில் தொட்டு மேலோட்டமாகத் தடவினேன். ஓலை வளைந்து கொடுத்தது. எழுத்துப் பள்ளங்களில் பழைய கரி இன்னும் இருந்ததால் படிக்க முடிந்தது. ஓலையில் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. காலும் ரகரமும் ஒரே கோடாகத் தெரியும். எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்ற குறிகள் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து "காளயுத்தி ௵" என்பதைப் படித்தேன். காளயுக்தி 1918 சித்திரையில் தொடங்கிய ஆண்டு. அறுபது வருடம் முந்தினால் 1858, பிந்தினால் 1978. இரண்டும் பொருந்தாது. அம்மம்மா 1918இல் அல்லது 1919 தொடக்கத்தில் பிறந்தவர். பெரிய பிள்ளையானது பதின்மூன்று, பதினான்கு வயதில் என்றால் பூட்டன் போனது 1932ஐ ஒட்டி.

அந்தக் கொப்பிதான் என்னைக் கலங்க வைத்தது. பூட்டன் இறந்த முப்பத்தொன்றாம் நாளில் படிப்பதற்காக ஊர்ப் புலவர் ஒருவர் எழுதிக் கொடுத்த சரமகவியை, அதாவது இரங்கல் பாடல்களை, யாரோ அழகான கையெழுத்தில் பிரதி செய்திருந்தார்கள். பிற்காலத்தில் கல்வெட்டு, நினைவு மலர் என்று அச்சடித்துக் கொடுப்பதன் கையெழுத்து வடிவம் அது. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று போகும் பாடல்களில் ஊர்ப் பெயர் கிடைக்காதா என்று வரி வரியாகப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பதினாறு பக்கத்தில் ஆறு பக்கம் கறையானுக்குப் போயிருந்தது. ஆனால் முதற் பக்கத்தில், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா முழுதாக இருந்தது. ஆங்கீரச ஆண்டு, ஆவணி மாதம், பூருவ பக்கம், தசமி, வெள்ளி.

திதி வெண்பாவைப் பலர் பக்திக்காக வைத்திருக்கிறார்கள். அது ஒரு முழுத் தேதி என்பதை மறந்துவிடுகிறோம். கணக்கைச் சொல்கிறேன். ஆங்கீரச 1932 சித்திரை முதல் 1933 பங்குனி வரை. ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடு வரை. பூருவ பக்கம் என்பது அமாவாசை கழிந்து வளர்பிறை. அந்த ஆவணியில் அமாவாசை எப்போது? 1932 ஆகஸ்ட் 31இல் வட அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்திருக்கிறது. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும். நம் நேரத்துக்கு அது செப்டெம்பர் 1 விடிவதற்கு முன். அங்கிருந்து எண்ணினால் தசமி செப்டெம்பர் 9 பகலில் தொடங்கி 10 முற்பகல் வரை நிற்கிறது. 1932 செப்டெம்பர் 9 வெள்ளிக்கிழமை. வெண்பாவிலும் வெள்ளி.

கிழமை பொருந்தியபோது எழுந்து போய் அம்மாவை எழுப்பினேன். இரவு பதினொரு மணி. "உங்கட அப்பப்பா இல்ல, அம்மப்பா, செப்டெம்பர் ஒன்பதாம் தேதி" என்றேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தேதியை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

சரியான தேதி கையில் இருந்தால் இறப்புப் பதிவுத் தேடல் பாதி முடிந்த மாதிரி. இல்லாவிட்டால் ஆண்டு ஆண்டாகப் புரட்ட வேண்டிவரும். இங்கே நான் செய்த பிழை, இன்றைய மாவட்டத்தை வைத்து யோசித்தது. தம்பிலுவில் இன்று அம்பாறை மாவட்டம். ஆனால் அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன்பு கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாமே மட்டக்களப்பு மாவட்டம்தான். பழைய பதிவுப் புத்தகங்கள் பற்று என்ற பழைய நிர்வாகப் பிரிவுகளின் பெயரில், அவற்றின் எல்லைப்படி இருக்கும். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பற்றி அக்காலத்தவர்கள் எழுதும்போது மட்டக்களப்புத் தமிழர் என்று எழுதியதும் இதனால்தான். இதை முன்பே யோசித்திருந்தால் இரண்டு பயணம் மிச்சம். கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் அந்தப் பக்கம் போய்வர ஒரு முழு நாள் போய்விடும்.

மூன்றாவது தடவை பதிவு கிடைத்தது. தேதி செப்டெம்பர் 9. வயது 46. தொழில் கமம் (வேளாண்மை). காரணம் காய்ச்சல். தந்தை பெயர் சின்னத்தம்பி. தாயின் பெயர் இருந்த இடத்தில் பூச்சி அரித்து "ப்பிள்ளை" என்ற வால் மட்டும் மிஞ்சியிருந்தது. எங்கள் பக்கத்துப் பழைய பெண் பெயர்களில் பாதி "பிள்ளை" என்றுதான் முடியும். வள்ளிப்பிள்ளை, தங்கப்பிள்ளை, தெய்வானைப்பிள்ளை. அந்த வாலால் ஒரு பயனும் இல்லை.

ஆனால் அறிவித்தவர் என்ற கட்டத்தைப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். இறந்தவரைப் பற்றிய கட்டங்களைப் படித்துவிட்டு அதை விட்டுவிடுவார்கள். அதில் ஓர் ஆணின் பெயர், "மருமகன்" என்ற உறவு, "மண்டூர்" என்ற வதிவிடம்.

மருமகன் என்றதும் மூத்த மகளைக் கட்டியவர் என்று எடுத்துக்கொண்டேன். பூட்டனுக்கு ஐந்து மகள்மார். அவர்களைக் கட்டியவர்களில் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. யாரோ முதற் கல்யாணம், பிறகு பிரிவு என்று நானே ஒரு கதையையும் மனசுக்குள் கட்டிவிட்டேன். ஒரு மாதம் அதில் போயிற்று. பெரியம்மாவிடம் போனில் சொன்னபோது, "சகோதரிட மகனும் மருமகன்தானே மகள்" என்றார். அவ்வளவுதான். தமிழில் உறவுச் சொல்லுக்கு இரண்டு வாசல் உண்டு. மாமா என்றால் தாயின் சகோதரனா, மனைவியின் தகப்பனா? மைத்துனர் என்றால் எந்தப் பக்கம்? பழைய பதிவில் உறவுச் சொல் வந்தால் எல்லாப் பொருளையும் தாளில் எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

சகோதரியின் மகன் மண்டூரில் இருந்தால், தாய்வீடு மண்டூர். அந்த ஊகத்தைப் பெட்டியில் இருந்த 1909ஆம் ஆண்டுச் சீதன உறுதி உறுதிப்படுத்தியது. ஒட்டிக்கிடந்த தாள்களில் கடைசியாகப் பிரிந்தது அது. தம்பிலுவில் வயலும் வளவும் "எங்கள் மகள் பொன்னம்மைக்கும் அவளைக் கலியாணம் முடிக்கும் மண்டூரிலிருக்கும் சின்னத்தம்பி கதிர்காமத்தம்பிக்கும்" என்று எழுதியிருந்தது.

கல்யாணப் பதிவையும் தேடினேன், இல்லை. அதற்காக வருந்தவில்லை. அந்தக் காலத்தில் ஊர் கூடி முடித்த கல்யாணங்களில் பல பதியப்படவே இல்லை. பதியாவிட்டாலும் முறைப்படி நடந்த கல்யாணம் செல்லும். கல்யாணப் பத்திரம் இல்லை என்பதை வைத்து முன்னோரைப் பற்றி வேறு முடிவுக்குப் போகாதீர்கள். பலருக்குச் சீதன உறுதிதான் கல்யாணத்துக்கு இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி.

அப்புறம் மண்டூர்ப் பிறப்புகள். பிறப்பு, இறப்புப் பதிவு இலங்கையில் 1860களின் கடைசியிலிருந்தே உண்டு. ஆனால் கிராமத்துப் பிறப்புகள் எல்லாம் பதியப்பட்டன என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு அதிர்ஷ்டம் அதிகமாகிவிட்டது: இரண்டு கதிர்காமத்தம்பிகள் கிடைத்தார்கள். இருவருக்கும் தந்தை சின்னத்தம்பி. ஒருவர் 1884இல் பிறந்தவர், தாய் வள்ளிப்பிள்ளை. மற்றவர் 1887, தாய் தங்கப்பிள்ளை. கதிர்காமத்துக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு அந்தப் பெயர் வைப்பது வழக்கம். சின்னத்தம்பி என்ற பெயரோ வீட்டுக்கு ஒன்று. ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

1932இல் வயது 46 என்றால் பிறந்தது 1886. இருவரில் 1887 தான் கிட்ட. நானும் அவரையே எடுத்துக்கொண்டேன். தங்கப்பிள்ளையை வம்ச வரைபடத்தில் மையால் எழுதினேன். அவர் வழி வந்தவர்களைத் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். அந்தக் குடும்பம் அன்பாக வரவேற்றது, பழைய கதைகள் சொன்னது. தம்பிலுவிலுக்குக் கல்யாணம் முடித்துப் போனவர் என்று ஒருவரையும் அவர்களுக்கு நினைவில்லை.

அந்த வீட்டுத் திண்ணையில் இருந்த கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் ஒருவர், நான் போகப் புறப்படும்போது மெதுவாகக் கேட்டார், "தங்கச்சி, நீங்க என்ன குடி?" சொன்னேன். அவர் சிரித்தார். "இந்த வளவும் அதே குடிதானே. இஞ்ச இருந்து அங்க எப்படி மாப்பிள்ளை போகும்?"

எங்கள் பக்கத்தில் ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை. அவர்கள் சகோதரர் முறை. 1887இல் பிறந்தவரின் குடி அவருடைய தாயின் குடி. அது பூட்டி பொன்னம்மையின் குடியும் கூட. அவர் எங்கள் பூட்டனாக இருக்க வழியில்லை. நான் பிறந்தது முதல் எனக்குத் தெரிந்த முறை இது. பத்திரங்களைக் கண்டதும் அதை மறந்து, எண்களை மட்டும் பார்த்திருக்கிறேன். பதிவில் உள்ள வயது மருமகன் ஒருவர் துக்கத்தில் நின்று உத்தேசமாகச் சொன்ன வயது. குடி அப்படி உத்தேசமாக வருவதில்லை. கிழக்கில் முஸ்லிம் குடும்பங்களிலும் தாய்வழிக் குடி உண்டு. அவர்களும் இந்த வழியைப் பயன்படுத்தலாம்.

அன்றிரவு வரைபடத்தைக் கிழித்துப் புதிதாக வரைந்தேன், இந்தத் தடவை பென்சிலால். முன்பு அப்பா, மகன் என்று மேலிருந்து கீழே போட்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு வளவையும் ஒரு பெட்டியாகப் போட்டு, அதற்குள் தாய், மகள், பேத்தி என்று இறக்கி, ஆண்களை ஒரு வளவிலிருந்து இன்னொரு வளவுக்குப் போகும் கோடுகளாகப் போட்டேன். எங்கள் குடும்பம் உண்மையில் எப்படி வாழ்ந்ததோ அந்த வடிவம் தாளில் வந்தது. பூட்டனைத் தேடுவதென்றால் அவரைப் பெற்ற வளவைத் தேட வேண்டும். வளவு நகராது. ஆட்கள் போய்விடுவார்கள், பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஆனால் காணிக்கு நான்கு எல்லை உண்டு.

இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாறினால் நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் உறுதி முடிக்க வேண்டும். நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். வீட்டில் இருந்த உறுதி கறையானுக்கோ வெள்ளத்துக்கோ போனாலும் அந்தப் பிரதி தப்பியிருக்கலாம். இன்றைய உறுதியின் பின்புறம் பதிவகப் புத்தகமும் பக்கமும் இருக்கும். அந்தப் பக்கத்தில், இந்தக் காணி முன்பு எந்தப் பக்கத்தில் இருந்தது என்ற குறிப்பு இருக்கும். அதைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போகலாம். உறுதியில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று, காணி எப்படி உரித்தானது என்று சொல்லும் பகுதி. "தாய் வழி முதுசமாக", "சீதனமாக", "தேடிய தேட்டமாக" என்பதெல்லாம் அங்கே வரும். முதுசம் என்றால் பரம்பரைச் சொத்து, தேட்டம் என்றால் தானே சம்பாதித்தது. மற்றது எல்லைகள். வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே தெரு, தெற்கே இன்னார் பெண்சாதி இன்னார் தோட்டம். பக்கத்து வளவுக்காரி பெரும்பாலும் சகோதரி, அல்லது சிற்றன்னையின் மகள். தாய் தன் வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் அப்படித்தான் அமையும். எல்லைகளைச் சேர்த்து வரைந்தால் ஒரு தலைமுறைப் பெண்கள் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள்.

பங்குபிரிப்பு வழக்கு நடந்த காணி என்றால் இன்னும் நல்லது. வழக்கு மனுவில் வம்சாவளியை முழுதாகக் கொடுக்க வேண்டும் என்பதால், யாரோ ஒரு சட்டத்தரணி உங்கள் வேலையைச் செய்து வைத்திருப்பார். எங்களுக்கு அப்படி வழக்கு இல்லை.

1884 வள்ளிப்பிள்ளையின் வளவு எது என்று அதே வண்ணக்கர்தான் சொன்னார். மண்டூருக்கு நான் குருமண்வெளித் துறையால்தான் போவேன். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் மோட்டார் சைக்கிள்களோடும் மரக்கறி மூட்டைகளோடும் வாவியைக் கடக்கும்போது, 1909இல் மாப்பிள்ளையாக வந்தவரும் இந்தத் தண்ணீரைத் தாண்டித்தானே வந்திருப்பார் என்று நினைப்பேன். அன்று அவர் வந்தது வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு. நான் அவரைத் தேடி மேற்கே படுவான்கரைக்குப் போகிறேன்.

அந்த வளவில் எண்பது வயது அம்மா ஒருவர் இருந்தார். நான் கதிர்காமத்தம்பி என்ற பெயரைச் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் நம்மைச் சந்தோஷப்படுத்துவதற்காக ஓம் என்று விடுவார்கள். "உங்கட ஆக்கள் ஆரும் தூரத்தில கலியாணம் முடிச்சுப் போனவையா?" என்று மட்டும் கேட்டேன்.

"தம்பிலுவில் மாமா போனவர்" என்றார்.

அவருடைய தாயின் மாமா. தாய் அழைத்தபடியே மகளும் அழைத்து, அந்த வீட்டில் அவர் "தம்பிலுவில் மாமா" ஆகவே நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் அவருக்கு ஊர் இல்லாமல் போனது. இங்கே அவர் போன ஊர்தான் அவருக்குப் பெயர். அவர் செத்ததற்கு அண்ணன் போய் வந்தவராம் என்று அவருடைய தாய் சொல்லியிருக்கிறார். அந்த அண்ணனின் பெயரைக் கேட்டேன். இறப்புப் பதிவில் அறிவித்தவர் கட்டத்தில் இருந்த அதே பெயர்.

பிறகு அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்தார். அதில் 1919ஆம் ஆண்டு உறுதி ஒன்று. "எங்கள் தாய் வள்ளிப்பிள்ளையின் முதுசமாய் எங்களுக்கு வந்த" மண்டூர்க் காணியில் தன் பங்கைத் "தம்பிலுவிலிலிருக்கும் சின்னத்தம்பி கதிர்காமத்தம்பி" தன் சகோதரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். விலை என்ற இடத்தில் பணம் இல்லை. அன்பினிமித்தம் என்று இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. கடைசி எழுத்தின் சுழியை நீளமாக இழுத்திருந்தார். படம் இல்லாத மனிதரின் கை பட்ட இடம் அதுதான். நான் அந்தத் தாளைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும் பிறகு எடுத்தேன். இலக்கமும் ஆண்டும் தெரிந்ததால் சிக்கல் இருக்கவில்லை. அங்கிருந்து பின்னால் போனபோது 1871இல் இன்னொன்று. அதே காணியில் ஒரு பகுதி, ஒருவரிடமிருந்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போயிருந்தது. முக்குவர் சட்டம் என்று மட்டக்களப்பில் இருந்த தாய்வழி உரிமை முறை அது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு அது வழக்கொழிந்தது. 1876க்கு முந்திய உறுதியில் சொத்து மருமகனுக்குப் போயிருந்தால், மகன் இல்லை என்றோ சண்டை என்றோ முடிவெடுக்க வேண்டாம். வள்ளிப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் அந்த உறுதியால்தான் எங்களுக்குத் தெரிய வந்தார்கள். அவர்களுக்கு மேலே போக இப்போதைக்கு வழி இல்லை.

எல்லாத் தாள்களையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மண்டூருக்குக் கொடுத்தேன். மூலத் தாள்களை அவரவர் பெட்டியிலேயே விட்டேன். படங்களுக்கு ஊர், ஆண்டு, உறுதி இலக்கம் என்ற ஒழுங்கில் பெயர் வைத்து, கணினியிலும் தனி டிஸ்க்கிலும் தம்பியின் வீட்டிலுமாக மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். ஒரு சூறாவளிக்கும் ஒரு சுனாமிக்கும் தப்பிய பெட்டியை இன்னொரு தடவை சோதிக்க எனக்கு மனமில்லை.

போன மாதம் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். பாதையில் ஏறும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மண்டூர் அம்மா வாசலில் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, மண்டூர் அம்மா முதலில் கேட்டது, "மாமாவுக்குப் பொம்புளப் பிள்ளையள் எத்தினை?"

பெரியம்மா விரல் மடித்து ஐந்து பெயரையும் சொன்னார். எந்த மகளுக்கு எந்த வளவு, அதில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். மண்டூர் அம்மாவும் தன் பக்கத்தைச் சொன்னார். நான் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன், அதை இருவருமே பார்க்கவில்லை. நடுவில் மண்டூர் அம்மா நிறுத்தி, "அப்ப என்ட அம்மாவும் உங்கட அம்மாவும் மச்சாள்மார். நான் உங்களுக்கு மச்சாள்" என்றார்.

"ஓம் மச்சாள்" என்றார் பெரியம்மா.